தறிச் சத்தமும் தாளமும்: சாம்பிள்களைத் தேடுவதும் செய்வதும்

குடியாத்தத்தில் கைத்தறிக் கூடம் ஒன்றின் வாசலில் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால், முதலில் ஒரே இரைச்சலாகக் கேட்பது மெல்ல மெல்ல மூன்று சத்தங்களாகப் பிரியும். ஊடை எனப்படும் குறுக்கு நூலைச் சுமந்து செல்லும் நாடா, ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு ஓடி முட்டும்போது எழும் கூர்மையான ‘டக்’. நெய்பவர் அச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்து ஊடை நூலை நெருக்கும்போது வரும் கனத்த ‘தட்’. இரண்டுக்கும் அடியில், குழிக்குள் காலால் அழுத்தப்படும் மிதியின் அடங்கிய ‘தும்’. இந்த மூன்றையும் ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்து, கணினியில் தனித்தனியாக வெட்டி, விசைப்பலகையின் மூன்று விசைகளில் அமர்த்திவிட்டால், எந்தத் தாளத்தில் வேண்டுமானாலும் அவற்றைத் திரும்ப வாசிக்கலாம். அப்படிப் பிடித்து, வெட்டி, வாசிக்கத் தயாராக வைத்திருக்கும் ஒலித்துண்டைத்தான் மின்னணு இசையில் சாம்பிள் என்கிறோம்.

வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இசை செய்யத் தொடங்கும் இளைஞர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, “நல்ல சாம்பிள் எங்கே கிடைக்கும்?” என்பதுதான். அது நியாயமான கேள்வி. ஆனால் ஒரே ஒரு சத்தத்தையாவது சொந்தமாகப் பதிவு செய்து, வெட்டி, சுத்தப்படுத்திப் பார்த்தவருக்குத்தான் இணையத்தில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான சாம்பிள்களில் எது நல்லது, எது பயன்படாது என்று கேட்ட மாத்திரத்தில் தெரியும் என்பது என் அனுபவம். ஆகவே தேடுவதைப் பற்றியும் சொல்கிறேன். செய்வதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறேன்.

சாம்பிள் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தொடக்கத்தில் பலரைக் குழப்பும். கணினி ஒலியைத் தொடர்ச்சியான அலையாகச் சேமிப்பதில்லை. நொடிக்குப் பல ஆயிரம் முறை அந்த அலையின் உயரத்தை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறது. அந்த ஒவ்வோர் அளவீட்டுக்கும் சாம்பிள் என்றுதான் பெயர். இசைக் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 அளவீடுகள் உள்ளன. மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற அளவு) வரையிலான அதிர்வுகளைக் கேட்கிறது. ஓர் அதிர்வைச் சரியாகக் குறிக்க அதன் எண்ணிக்கையைப் போல் இரு மடங்குக்கு மேல் அளவீடு வேண்டும் என்பது கணித விதி. அதனால்தான் 40,000-க்குச் சற்று மேற்பட்ட ஓர் எண் தேர்ந்தெடுக்கப்பட்டது. மற்றொரு பொருளில், இசைக்காக வெட்டியெடுத்த முழு ஒலித்துண்டே சாம்பிள். இக்கட்டுரையில் நான் இனிச் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது சாம்பிளைப் பற்றித்தான்.

அதிலும் இரு வகை உண்டு. நாடாவின் ஒற்றை ‘டக்’ போல ஒருமுறை ஒலித்து முடிவது ஒன்-ஷாட். நான்கு தட்டு தாளத்தை முழுவதாக எடுத்து, முடிந்த இடத்திலிருந்து மீண்டும் தொடக்கத்துக்கு வந்து சுற்றிக்கொண்டே இருக்கும்படி வைத்தால் அது லூப்.

இந்தக் கலை கணினியோடு பிறந்ததன்று. 1948-இல் பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷாஃபெர், ரயில் நிலையத்தில் பதிவு செய்த எஞ்சின், சக்கரம், ஊதல் ஒலிகளைக் கொண்டே ஓர் இசைப் படைப்பைச் செய்து ஒலிபரப்பினார். அப்போது காந்த நாடாகூட அவர் கையில் இல்லை. இசைத்தட்டுகளில்தான் வேலை செய்தார். தட்டில் உள்ள சுருள் பள்ளத்தை ஒரு வட்டமாக மூடிவிட்டால் ஊசி அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். இன்றைய லூப்பின் மூதாதை அதுதான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தது நம் வாலாஜா ரோட்டுக்குத்தான் என்பதை நினைக்கும்போது, ரயில் சத்தத்தோடு நமக்கு இருக்கும் பழக்கம் பாரிஸ்காரர்களுக்கு எவ்விதத்திலும் குறைந்ததில்லை என்று தோன்றுகிறது.

பிறகு 1979-இல் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் உருவாக்கிய ஃபேர்லைட் என்னும் கருவி, எந்த ஒலியையும் எண்களாக்கி விசைப்பலகையில் வாசிக்க வழி செய்தது. 1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற தாளக் கருவியில் எல்லாச் சாம்பிள்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 10 நொடிக்கு மட்டுமே இடமிருந்தது. அந்தப் பஞ்சத்தைச் சமாளிக்க இசைஞர்கள் நிமிடத்துக்கு 33 சுற்று சுழலும் இசைத்தட்டை 45 சுற்று வேகத்தில் ஓடவிட்டுச் சீக்கிரமாகப் பதிவு செய்து, கருவிக்குள் மீண்டும் வேகத்தைக் குறைத்தார்கள். அப்படிக் குறைக்கும்போது ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறியது. அதுவே பிற்பாடு ஒரு தலைமுறையின் விருப்ப ஒலியாகிவிட்டது. இன்று பழைய கைப்பேசியில்கூட மணிக்கணக்கில் பதிவு செய்யலாம். இடம் பெருகிவிட்டதால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுக்க நம் காதின் மேல் விழுந்திருக்கிறது.

தேடும்போது கவனிக்க வேண்டியது

இசை மென்பொருள் எதை நிறுவினாலும், அதனோடு சில நூறு சாம்பிள்களாவது வரும். எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், இலவசமாகக் கிடைக்கும் எல்எம்எம்எஸ் என எதுவாயினும், முதல் ஒரு மாதம் அவற்றை மட்டும் வைத்துப் பழகுவதே போதுமானது. அதற்கு வெளியே தேடுவோருக்கு நான் முதலில் காட்டும் இடம், பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005-இல் தொடங்கப்பட்ட ஃப்ரீசவுண்ட் தளம். உலகெங்கும் உள்ளவர்கள் தாங்கள் பதிவு செய்த மழை, கதவு, பறவை, இயந்திரம் என எதையும் அங்கே வைத்திருக்கிறார்கள். தனித்தனி இசைக்கருவிகளின் சுத்தமான சுரங்கள் வேண்டுமென்றால், அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம் பதிவு செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் தொகுப்பு நல்லது. பிபிசி தன் ஒலி விளைவுக் களஞ்சியத்தைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அது சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் ஆய்வுக்கும் மட்டும்தான், விற்கும் பாடலில் சேர்ப்பதற்கு அனுமதியில்லை.

இங்கேதான் உரிமம் என்ற சொல் வருகிறது. ஃப்ரீசவுண்டில் ஒவ்வோர் ஒலியின் பக்கத்திலும் அதன் உரிமம் எழுதப்பட்டிருக்கும். ‘சிசி சீரோ’ என்றிருந்தால் உரிமையாளர் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டார், எதற்கும் பயன்படுத்தலாம். ‘அட்ரிபியூஷன்’ என்றிருந்தால், பயன்படுத்தலாம், ஆனால் அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். அதனுடன் ‘நான்-கமர்ஷியல்’ என்றும் சேர்ந்திருந்தால், பணம் வரும் எந்த வேலையிலும் சேர்க்கக் கூடாது. பதிவிறக்கும் அந்த நொடியிலேயே கோப்பின் பெயரோடு உரிமத்தையும் உரிமையாளர் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். நான் அப்படிச் செய்யாமல் இறக்கி வைத்த ஒரு மணியோசையை நண்பர் ஒருவரின் குறும்படத்தில் சேர்த்துவிட்டு, படம் முடிந்த பிறகு அது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாமல், இரண்டு இரவுகள் உட்கார்ந்து அந்தக் காட்சியின் இசையை முழுவதுமாக மாற்றினேன்.

விலைக்கு வாங்கும் சாம்பிள் தொகுப்புகளில் ‘ராயல்டி ஃப்ரீ’ என்று எழுதியிருப்பதை இலவசம் என்று புரிந்துகொள்ளக் கூடாது. ஒருமுறை பணம் கொடுத்து வாங்கினால், பாடல் எத்தனை முறை ஒலித்தாலும் மீண்டும் பணம் தர வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். வாங்கிய லூப்பை அப்படியே வெறுமையாகப் பாடலின் முகப்பில் வைத்தால் வேறொரு சிக்கலும் வரலாம். அதே லூப்பை வாங்கிய இன்னொருவர் தம் பாடலை யூடியூபின் அடையாளம் காணும் அமைப்பில் பதிவு செய்திருந்தால், உங்கள் பாடலையும் அது அவருடையதாகக் கருதி உரிமை கோரிவிடும். வெட்டி, இடம் மாற்றி, மற்ற ஒலிகளோடு கலந்து பயன்படுத்துவது இசைக்கும் நல்லது, இந்தத் தொல்லைக்கும் மருந்து.

பழைய இசைத்தட்டிலிருந்தோ திரைப்பாடலிலிருந்தோ ஒரு துண்டை எடுக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1960-இல் வெளியான ஒலிப்பதிவின் உரிமை 2020-இன் முடிவோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தட்டில் இருப்பது ஒலிப்பதிவு மட்டுமன்று. அதற்குள் ஒரு மெட்டும் பாட்டு வரிகளும் இருக்கின்றன. அவற்றின் உரிமை தனி. ஆக்கியவரின் ஆயுட்காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நிற்கும். மற்ற நாடுகளின் கணக்கு வேறு. உங்கள் பாடலோ இணையத்தில் எல்லா நாட்டுக்கும் போகும். “ஐந்து நொடிக்குக் குறைவாக எடுத்தால் தப்பில்லை” என்று நண்பர்கள் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு. சட்டத்தில் அப்படி ஒரு நொடிக் கணக்கு கிடையாது.

நம் மாவட்டங்களில் இன்னொரு வகைச் செல்வம் உண்டு. பங்குனியிலிருந்து வைகாசி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் விடிய விடிய ஒலிக்கும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் பம்பையும் உடுக்கையும் சிலம்பும் கேட்கும். கூட்டத்தில் நின்று கைப்பேசியில் பதிவு செய்துவிட்டு அதைத் தன் பாடலில் வைப்பது எளிது; அப்படிச் செய்யாதீர்கள். வாசிப்பவருக்கும் தம் நிகழ்த்தலின் மேல் உரிமை உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. அது 50 ஆண்டுகள் நிற்கும். கூத்து வாத்தியாரிடம் முறையாகப் போய், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, ஒரு பகல் நேரத்தைக் கேட்டு, அந்த நேரத்துக்குரிய தொகையைக் கொடுத்து, என்ன ஒப்புக்கொண்டோம் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வதே மரியாதை. அதில் உங்களுக்கும் ஆதாயம் இருக்கிறது. கூட்டச் சத்தமும் ஒலிபெருக்கி இரைச்சலும் இல்லாமல், ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகப் பதிவு செய்ய முடியும்.

சொந்தமாகப் பதிவு செய்வது

பதிவுக்கு முதல் எதிரி மின்விசிறி. வேலூர் வெயிலில் சித்திரை வைகாசியில் அதை நிறுத்திவிட்டு அறைக்குள் உட்காருவது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் விசிறிக் காற்று மைக்கில் பட்டால் வரும் உறுமலைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுவதுமாக எடுக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் அடுத்த எதிரிகள். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுவதால், மின்கருவிகளின் முனகல் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும் வந்து உட்காரும். ஆகவே அதிகாலை நான்கு மணி நல்ல நேரம். அதைவிட நல்ல நேரம் ஒன்று உண்டு: மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாள். அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடும். அன்று தெருவில் உள்ள விசிறி, மோட்டார், மாவரைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்த கடை மட்டும் இல்லாவிட்டால், அந்த அமைதி காசு கொடுத்தாலும் கிடைக்காதது. மடிக்கணினியையும் பதிவுக் கருவியையும் முந்தைய இரவே மின்னேற்றி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கையடக்க ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைப்பேசியே போதும். ஆனால் கைப்பேசியில் உள்ள வழக்கமான பதிவுச் செயலி மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மெல்லிய சத்தத்தைத் தானாக உயர்த்தும், உரத்த சத்தத்தைத் தானாக அமுக்கும், பேச்சு அல்லாததை இரைச்சல் என்று கருதி அழிக்கவும் பார்க்கும். இந்தத் தானியங்கி வேலைகளை நிறுத்திவிடக் கூடிய, ஒலியைச் சுருக்காமல் வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். எம்பி3 கோப்பு சிறிதாக இருப்பதற்காகக் காது எளிதில் கவனிக்காத பகுதிகளை வெட்டி எறிந்துவிடுகிறது. பிற்பாடு வேகத்தை மாற்றினால் அந்தக் காயங்கள் வெளியே தெரியும். பதிவை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினாலும் இதே நிலைதான். டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும்.

24 பிட்டில் பதிவு செய்யுங்கள். 16 பிட்டில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் 65,536 படிகள் கிடைக்கும். 24 பிட்டில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். இவ்வளவு படிகள் இருப்பதால், ஒலி அளவைத் தாழ்வாக வைத்துப் பதிவு செய்தாலும் நுணுக்கம் கெடாது. அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் இருக்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட தலை திரும்ப முளைக்காது.

தறிக்கூடத்துக்கு வருவோம். மைக்கை நாடாப் பெட்டியிலிருந்து ஓர் அடி தூரத்தில் வைத்தால் ‘டக்’ மட்டும் முன்னால் வரும். அறையின் மூலையில் வைத்தால் மூன்று சத்தங்களும் ஓட்டுக் கூரையும் சேர்ந்து ஒரே இடமாகக் கேட்கும். இரண்டையும் பதிவு செய்தேன். மூன்றாவதாக, மின்னணுப் பொருள் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பீசோ வில்லையில் ஒரு கம்பியை இணைத்து, அதைத் தறிமரத்திலேயே ஒட்டுநாடாவால் ஒட்டினேன். இது காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. மரத்துக்குள் ஓடும் அதிர்வை நேராகக் கேட்கிறது. வெளியே அடங்கிக் கேட்ட மிதியின் ‘தும்’, மரத்துக்குள் பெருமுரசாக இருந்தது. பீசோவைச் சாதாரண மைக் துளையில் செருகினால் அடிநாதம் போய்விடும். கிதாருக்கென்று உள்ள உயர் மின்தடைத் துளையில் செருக வேண்டும்.

ஒரே சத்தத்தைப் பலமுறை பதிவு செய்யுங்கள். மெதுவாக ஐந்து, நடுத்தரமாக ஐந்து, பலமாக ஐந்து. எந்தக் கைக்காரராலும் ஒரே அடியை இரண்டு முறை அச்சாக அடிக்க முடியாது. காது அந்தச் சிறு வேறுபாடுகளுக்குப் பழகியிருக்கிறது. ஒரே ‘டக்’கை எட்டு முறை அடுக்கினால் துப்பாக்கி சுடுவது போல் ஒலிக்கும், ஐந்து வெவ்வேறு ‘டக்’குகள் மாறி மாறி வந்தால் உயிருள்ள கை அடிப்பது போலிருக்கும். ஒவ்வோர் அடிக்கும் பிறகு ஒலி முழுவதும் அடங்கும் வரை காத்திருங்கள். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பொருள் மூன்றையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியாக, யாரும் அசையாமல் முப்பது நொடி அந்த அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். இரைச்சல் நீக்கும்போது எது இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்ட அது உதவும்.

வெட்டுவதும் சுருதி சேர்ப்பதும்

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து ஒரு ‘டக்’கைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதற்கு மூன்று பாகங்கள் இருப்பது கண்ணுக்கே தெரியும். சட்டென்று ஏறும் தலை, சற்று நிற்கும் உடல், மெல்ல அடங்கும் வால். இது என்ன பொருள் என்று காதுக்குச் சொல்வது பெரும்பாலும் தலைதான். வீட்டுப் பூஜை மணி ஒன்றைப் பதிவு செய்து, நாக்கு மணியில் பட்ட அந்த முதல் பத்தில் ஒரு பங்கு நொடியை மட்டும் வெட்டிவிட்டுக் கேளுங்கள். மணி மறைந்து, ஏதோ ஒரு குழலோசை போல ஒன்று மிஞ்சும். ஷாஃபெரும் மணியின் தலையை நீக்கித்தான் இதைக் கண்டறிந்தார். இந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்த பிறகு, வெட்டும் இடத்தில் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

வெட்டு, அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் விழ வேண்டும். அலை உயரத்தில் இருக்கும்போது வெட்டினால், ஒலிபெருக்கியின் தாள் திடீரென்று குதித்து ஒரு சிறு ‘டிக்’ கேட்கும். தலையில் இரண்டு மூன்று மில்லிநொடி ஏற்றமும், வாலில் அதைவிட நீளமான இறக்கமும் கொடுத்துவிட்டால் அந்த அச்சம் இல்லை. தலைக்கு முன்னால் வெற்றிடம் விட்டுவிடாதீர்கள். 20 மில்லிநொடி மௌனம் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு சரியாக வாசித்தாலும் அந்த அடி தாளத்துக்குப் பிந்தியே விழும்.

லூப்புக்கு ஒரு கணக்கு உண்டு. 60 நொடியைத் தாள வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் கிடைக்கும். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டு 0.6 நொடி, நான்கு தட்டு லூப் 2.4 நொடி இருக்க வேண்டும். நெசவாளியின் கை இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு ஓடுவதில்லை. முழுப் பதிவையும் இழுத்துச் சுருக்கிக் கணக்குக்குள் அடைப்பதைவிட, ஒவ்வோர் அடியாக வெட்டி, அடிகளை மட்டும் இடம் மாற்றுவது நல்லது. இழுத்தால் ஒலியின் தோல் கிழிகிறது. வெட்டி நகர்த்தினால் ஒவ்வோர் அடியும் தன் உருவத்தோடு இருக்கிறது.

சுருதியை ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்துப் புரிந்துகொள்ளலாம். காலி டம்ளரை ஒரு ஸ்பூனால் மெல்லத் தட்டுங்கள்; பிறகு பாதி வரை தண்ணீர் ஊற்றித் தட்டுங்கள். சுருதி இறங்கும், ஏனெனில் தண்ணீரின் எடையையும் சேர்த்து டம்ளரின் சுவர் அதிர வேண்டியிருக்கிறது. தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டால், அதற்கு நேர்மாறாக ஓர் ஓசை மேலே ஏறிக்கொண்டே போகும். அது தண்ணீருக்கு மேலே உள்ள காற்று, இடம் குறையக் குறைய எழுப்பும் ஒலி. ஒரே டம்ளரில் இறங்கும் சுருதி ஒன்று, ஏறும் சுருதி ஒன்று. இரண்டையும் பதிவு செய்து வைத்துக்கொண்டால், தாளத்துக்கு ஒன்றும் பாட்டின் முன்னேற்றத்துக்கு ஒன்றுமாகப் பயன்படும்.

தட்டிய ஓசை எந்தச் சுரம் என்று அறியச் சுருதிப் பெட்டிச் செயலியைத் திறந்து, நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று மாற்றி மாற்றி வைத்துப் பொருத்திப் பார்க்கலாம். ஐந்து கட்டையை ஒட்டி வந்தால் அதை மென்பொருளில் ஐந்து கட்டைக்கு நேராக்கி, அந்த விசையில் அமர்த்துங்கள். அடுத்த விசைக்குப் போகும்போது மென்பொருள் அதே சாம்பிளை 1.0595 மடங்கு வேகமாக ஓட்டுகிறது. பன்னிரண்டு விசை தாண்டினால் வேகம் சரியாக இரு மடங்கு, சுருதி ஒரு ஸ்தாயி மேலே, நீளம் பாதி. கீழே இறக்கினால் எல்லாம் தலைகீழ். 44,100 அளவீட்டில் பதிவு செய்த ஒலியை ஒரு ஸ்தாயி இறக்கினால் 11,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே மிஞ்சாது. அதனால்தான் அது போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல் மங்குகிறது. சில சமயம் அந்த மங்கலே வேண்டியதாக இருக்கும். ஒரு ஸ்தாயி இறக்கிய டம்ளர், கோயில் மணியைவிடப் பெரிய பாத்திரமாகக் கேட்கும்.

இடத்தையே சாம்பிளாக எடுக்கும் முறை ஒன்றும் இருக்கிறது; எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வட ஆற்காட்டு நிலங்களில் கருங்கல் கட்டிய அகன்ற பாசனக் கிணறுகளைக் காணாதவர் இல்லை. கோடையில் வற்றிக் கிடக்கும் அப்படி ஒரு கிணற்றின் விளிம்பில் மைக்கைப் பத்திரமாகக் கட்டி வைத்து, ஒரு பலூனை உடையுங்கள். 40 அடி ஆழத்துக்குப் போய்த் திரும்பிவர ஒலிக்கு ஏறக்குறைய 70 மில்லிநொடி ஆகும். அதற்குப் பின் சுவர்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் நீண்ட வால் வரும். கன்வல்யூஷன் ரிவெர்ப் என்ற மென்பொருளில் அந்தப் பதிவைக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு எந்தச் சத்தத்தையும் அந்தக் கிணற்றுக்குள்ளிருந்து ஒலிப்பதாக மாற்றிக்கொள்ளலாம். கிணற்றின் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு, துணைக்கு ஒருவரோடு போங்கள்.

தறியின் மூன்று சத்தங்களையும் டம்ளரின் மணியோசையையும் கிணற்றின் வாலையும் சேர்த்து, நிமிடத்துக்கு 100 தட்டில் ஒரு சிறு இசைத்துண்டைச் செய்தேன். முதல் தட்டில் அச்சின் ‘தட்’, இரண்டிலும் நான்கிலும் நாடாவின் ‘டக்’, ஒவ்வொரு நாடாவுக்கும் அடுத்த பதினாறாம் பாகத்தில் (நான்கு தட்டையும் பதினாறாகப் பிரித்ததில் ஒரு பாகம்) மிதியின் ‘தும்’. கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று நொண்டியது, எதுவென்று எனக்குப் பிடிபடவில்லை. பதிவு செய்ய இடம் கொடுத்த பெரியவரிடம் முதலில் காட்ட வேண்டும் என்று குடியாத்தத்துக்குப் போய், காதில் ஹெட்போனை வைத்து ஓடவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, காலால் தாளம் போட்டபடி ஒருமுறை முழுவதும் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னாப்பா இது, மிதிக்காம நாடா எப்டி ஓடும்?” என்றார். தறியில் மிதியை அழுத்தினால்தான் பாவு எனப்படும் நெடுக்கு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழி விடும்; வழி கிடைத்த பிறகே நாடா ஓடும்; நாடா ஓடிய பிறகே அச்சு அடிக்கும். அங்கேயே அவர் திண்ணையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, எல்லா ‘தும்’களையும் நாடாவுக்கு ஒரு பதினாறாம் பாகம் முன்னால் நகர்த்தினேன். நொண்டல் நின்றது.